பாட்டை நிறுத்திய மஞ்சள் கேனரி: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் காற்றுப்பைச் சிற்றுண்ணித் தொற்று

கூட்டில் வளரும் சிறு பாட்டுப் பறவை பாடுவதை நிறுத்திவிட்டால், அதை வளர்ப்பவர் பெரும்பாலும் இறகு உதிரும் காலம் என்றோ, சோடி இல்லாத ஏக்கம் என்றோ, தீனி பிடிக்கவில்லை என்றோ எண்ணிக்கொள்கிறார். பாட்டு மூச்சினால் ஆவது. ஆகவே, இறகு உதிர்வுக்கான அடையாளம் உடலில் இல்லாமல் ஒரு பறவை மௌனமாகும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் மூச்சுப்பாதையையே என்பது என் உறுதியான கருத்து. கொழும்பில் நாய், பூனைகளை அதிகமாகவும் கூட்டுப் பறவைகளை இடையிடையேயும் பார்க்கும் மிருக வைத்தியர் என்ற முறையில், அந்தக் கருத்தை எனக்குள் ஆழப் பதித்த நிகழ்வொன்றை இங்கே முழுமையாகப் பதிவுசெய்கிறேன். உரிமையாளரின் சம்மதத்துடன் எழுதப்படும் இதில் அவருடைய பெயரும் முகவரியும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

பறவைகளை வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அயலில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றிலுள்ள தொடர்மாடியில் மனைவியோடும் மகளின் குடும்பத்தோடும் வசிக்கிறார். பல்கனியை ஒட்டிய அறையில், சுவரின் பாதியை அடைத்து நிற்கும் பெரிய கூட்டில் ஏழு கேனரிகள் இருந்தன. ஆறு தெளிந்த மஞ்சள் நிறத்தவை. ஒன்றின் இறக்கையில் மட்டும் கரும்பச்சைத் திட்டொன்று இருந்தது. கேனரித் தீவுகளிலும் மடெய்ராவிலும் அசோர்ஸ் தீவுகளிலும் வாழும் காட்டுக் கேனரி உண்மையில் மண்நிறக் கோடுகளோடு கூடிய பசுமஞ்சள் பறவை. அதன் இறகிலுள்ள கருநிறமியைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பாளர்கள் விலக்கியதால் அடியிலிருந்த மஞ்சள் வெளிப்பட்டதே இன்று நாம் காணும் கேனரியின் நிறம். அந்தப் பச்சைத் திட்டு பழைய பரம்பரையின் மிச்சம்.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னர் மாஸ்டர் ஒரு சோடி கூல்டியன் பிஞ்ச் வாங்கியிருந்தார். வட அவுஸ்திரேலியாவின் புல்வெளிகளுக்குரிய அந்தப் பறவை, பச்சை முதுகும் ஊதா மார்பும் பொன்மஞ்சள் வயிறுமாக, கண்டவரை வாங்கத் தூண்டும் அழகு கொண்டது. இரண்டும் தானியம் தின்னும் சாதி, சண்டை பிடிக்காது என்று கடையில் சொன்னதை நம்பி, வாங்கி வந்த அன்றே அவற்றைக் கேனரிக் கூட்டுக்குள் விட்டார். சண்டை பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த இரு இனங்களும் ஒரே நோயையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளக்கூடியவை.

தீனி முக்கியமாகத் தினையும் சிறிது பேயெள்ளும். இறக்குமதியாகும் கேனரி விதையின் விலை ஏறும்போதெல்லாம் தினையின் பங்கு கூடியது. கீரை எப்போதாவதுதான். அறையில் மின்விளக்கும் தொலைக்காட்சியும் நடுநிசிக்குச் சற்று முன்வரை எரிந்தன. மாலையில் சாம்பிராணியும் இரவில் நுளம்புச் சுருளும் புகைந்தன.

முறைப்பாடு

வைகாசி மாதக் கடைசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நாட்களில், அந்தக் கூட்டத்திலேயே நன்றாகப் பாடும் ஆண் பறவையைச் சிறு கூட்டில் வைத்து மாஸ்டர் கொண்டுவந்தார். விடியற்காலையில் முழு ஒழுங்கைக்கும் கேட்கப் பாடிய பறவை சில வாரங்களாக வாய் திறக்கவில்லை. மஞ்சளும் வெளிறிவிட்டது என்பது அவருடைய முறைப்பாடு. “இறகு கொட்டுற காலமெண்டுதான் டொக்டர் நினைச்சன். போன வருசமும் ஒரு மாதம் இப்பிடித்தான் பேசாமல் இருந்தது,” என்றார். நிறத்தை மீட்பதற்காக அவித்த முட்டை மஞ்சட்கருவும் கரட்டும் கொடுத்துப் பார்த்திருந்தார்.

நோயைக் காட்டிக்கொடுத்த தகவல் அவரிடமிருந்து வரவில்லை. கூடவே வந்திருந்த பேத்தியிடமிருந்து வந்தது. பறவைகள் இருக்கும் அறையிலேயே படுக்கும் அவள், இரவில் விளக்கை அணைத்த பிறகு ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்பதாகச் சொன்னாள். வீட்டார் அதைப் பல்லி என்று எடுத்திருந்தார்கள். ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால், பல்லி சொல்கிறது, நினைத்தது நடக்கும் என்று அம்மம்மா நிலத்தில் விரலால் தட்டியும் இருக்கிறார். “பல்லியெண்டா சுவரிலயெல்லோ கேக்கோணும் அன்ரி? இது கூட்டுக்குக் கிட்டப் போனாத்தான் கேக்குது,” என்றாள் பிள்ளை. நோய் வரலாறு கேட்கும்போது வீட்டிலுள்ள பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பரிசோதனை

சிறு பறவையைக் கையில் எடுக்கும் முன்னர் சற்றுத் தொலைவில் இருந்து பார்ப்பது கட்டாயம். பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் காற்று உள்ளே போய் வருகிறது. ஆகவே மார்பை இறுக்கிப் பிடித்தால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். இந்தப் பறவை குச்சியில் உடலைப் பருத்திக்கொண்டு குந்தியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. ஒரு குச்சியிலிருந்து மறு குச்சிக்குப் பறந்த பின்னர் அலகைத் திறந்து மூச்செடுத்தது, கழுத்தை நீட்டி எதையோ விழுங்குவதுபோல் அசைத்தது, அலகைக் குச்சியில் மாறிமாறித் துடைத்தது. பிறகு மெதுவாக எடுத்துக் காதருகே வைத்தபோது, பிள்ளை சொன்ன அதே சொடுக்கொலி மூச்சுக்கு மூச்சு கேட்டது.

எடை 15.6 கிராம், அதே கூட்டத்தின் நலமான பறவைகள் 19 முதல் 20 கிராம் வரை இருந்தன. மார்பெலும்பின் விளிம்பு விரலில் கூராகத் தட்டுப்பட்டது. தலையிலும் மார்பிலும் இறகுகளை ஊதி விலக்கிப் பார்த்தபோது, உறையோடு முளைத்துவரும் குருத்திறகு ஒன்றுகூட இல்லை. இறகு உதிர்க்கும் பறவையில் அந்தக் குருத்துகள் கட்டாயம் இருக்கும். ஆகவே மாஸ்டரின் விளக்கம் அங்கேயே விலகியது.

நிறம் வெளிறியது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் வளர்ப்பாளர் பலர் இதில் காலத்தை இழக்கிறார்கள். கேனரி தன் மஞ்சளைத் தானாக உருவாக்குவதில்லை. கீரையிலும் முட்டைக்கருவிலும் உள்ள லூட்டீன் போன்ற நிறமிகளை எடுத்து, உடலில் மாற்றி, இறகு வளரும்போது மட்டும் அதற்குள் சேர்க்கிறது. வளர்ந்து முடிந்த இறகு உயிரற்ற பொருள். அதற்குள் புதிதாக நிறம் ஏறாது. இந்தப் பறவை குளிர் தாங்காமல் உடலைப் பருத்தியிருந்ததால், தெளிந்த மஞ்சள் கேனரியின் இறகுகளின் வெண்மையான அடிப்பாகம் வெளித்தெரிந்தது. வெளிறல் போலத் தோன்றியது அதுதான்.

அடுத்து, அறையை இருட்டாக்கி, கழுத்திறகுகளைச் சிறிதளவு மதுசாரத்தால் நனைத்து விலக்கி, பின்புறமிருந்து சிறு விளக்கின் ஒளியைப் பாய்ச்சி மூச்சுக்குழாயைப் பார்த்தேன். கேனரியின் தோல் அந்த அளவுக்கு ஒளி புகக்கூடியது. கருமையான புள்ளி ஒன்றிரண்டு தெரிவதுபோல் இருந்தது. அதற்குள் பறவை திணறத் தொடங்கியதால் நிறுத்திவிட்டு, வெப்பமும் ஒட்சிசனும் உள்ள பெட்டியில் வைத்தேன். மூச்சுப்பாதைக்குள் வாழும் சிற்றுண்ணிகளே இப்படிப் புள்ளிகளாகத் தெரியக்கூடும்; இந்தச் சோதனையில் புள்ளி தெரிந்தால் அது பலமான சான்று. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று கொள்ள முடியாது, ஏனெனில் உண்ணிகள் நுரையீரலோடு இணைந்த, ஒளி எட்டாத காற்றுப்பைகளுக்குள்ளும் இருக்கலாம்.

வேறு சாத்தியங்களும் எண்ணிப்பார்க்கப்பட்டன. கொழும்பின் நுளம்புக் காலத்தில் கேனரி அம்மை முதலில் நினைவுக்கு வர வேண்டிய நோய்; அது நுளம்பால் பரவுகிறது, மூச்சுப்பாதையைத் தாக்கும் வகை ஒரு கூட்டத்தையே மிக விரைவில் அழிக்கக்கூடியது; ஆனால் இங்கே கண்ணோரத்திலோ, காலிலோ, வாய்க்குள்ளோ புண் எதுவும் இல்லை, நோயும் வாரக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த தினையால் வரும் அஸ்பெர்ஜில்லஸ் தொற்றும், என்ரெறோகொக்கஸ் பற்றீரியாவால் வரும் மூச்சுக்குழாய் அழற்சியும் இதே சொடுக்கொலியைத் தரலாம். புகையும் ஒரு காரணமாகலாம். சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கேனரியைக் கொண்டுபோனதே அதன் மூச்சு அவ்வளவு வேகமாகக் காற்றை உள்வாங்குவதால்தான். ஆனால் புகை மட்டுமே காரணமாயின் ஒரே அறையிலுள்ள பறவைகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே பாதிக்கப்பட்டிருக்கும்.

பெட்டையின் மரணம்

இந்நிலையில், அதே கூட்டத்துப் பெட்டையொன்று விடியும்போது கூட்டின் தரையில் இறந்து கிடந்தது. இறந்த பறவையை உறையவைக்காமல் பனிக்கட்டியின் மேல் வைத்து உடனே கொண்டுவரும்படி முன்னரே சொல்லியிருந்ததால், மாஸ்டர் அதைக் கடதாசியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்தார். உறைந்து உருகிய உடலில் திசுக்கள் சிதைந்துவிடும். அந்த ஒரு கவனத்தால்தான் நோயை உறுதியாக நிறுவ முடிந்தது.

மூச்சுக்குழாயை வெட்டாமல் ஒளியில் பிடித்தபோதே, மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. நீளவாக்கில் திறந்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, குழாயின் உட்சுவர் முழுவதும் கோழை படர்ந்திருந்தது. அதற்குள் குருதி நிறைந்து கறுத்த உடலோடு உண்ணிகள் கால்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தன. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள கீழ்க்குரல்வளையில் அவை நெருக்கமாக அடைந்திருந்தன. பறவையின் குரல் பிறப்பது அங்கேதான். ஆண் பறவையின் மௌனத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பெரிய உண்ணிகூட அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். ஸ்டெர்னோஸ்டோமா டிரக்கியகோலம் என்னும் காற்றுப்பைச் சிற்றுண்ணி இது. கூல்டியன் பிஞ்சையும் கேனரியையுமே இது அதிகமாகத் தாக்குகிறது. தாய் தந்தைப் பறவைகள் குஞ்சுக்கு ஊட்டும்போதும், இருமலாலும் பொதுவான தண்ணீர்க் கிண்ணத்தாலும் பரவுகிறது. உண்ணி குறைவாக உள்ள பறவை வெளியே எதையும் காட்டாமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும்.

பகலில் பறவை நோயை மறைத்துக்கொள்ளும். இரவின் அமைதியில், உடல் தளர்ந்திருக்கும்போது, அந்தச் சொடுக்கொலி மறைவதில்லை. பேத்திக்குக் கேட்டது அதுதான்.

மருந்தும் அளவும்

மருந்து ஐவர்மெக்டின். இங்கே மிகக் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் ஊரில் இது எளிதாகக் கிடைப்பது மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தாகத்தான். பறவை விற்கும் இடமொன்றில் கிடைத்த ஆலோசனையின்படி மாஸ்டரும் அப்படி ஒரு குப்பியை வாங்கி வைத்திருந்தார். ஒரு பறவைக்கு ஒரு துளி, அல்லது தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு துளி என்பது அந்த ஆலோசனை. நல்லவேளையாக, பாவிக்கும் முன்னர் கேட்டார்.

கணக்கைப் பார்க்கலாம். அந்தக் குப்பியின் செறிவு ஒரு வீதம். அதாவது ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். சாதாரணமாக ஒரு துளி 0.05 மில்லிலீற்றர், அதில் இருப்பது 500 மைக்ரோகிராம். கேனரிக்குரிய அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், 20 கிராம் பறவைக்கு அது வெறும் 4 மைக்ரோகிராம். ஆகவே ஒரு துளி என்பது தேவையான அளவின் 125 மடங்கு. இத்தகைய துளியால் இறந்த பறவைகளை நோயே கொன்றது என்று எத்தனை வீடுகளில் எண்ணியிருப்பார்கள் என்பதை நினைக்கவே மனம் கனக்கிறது. தண்ணீரில் விடுவதும் பயனற்றது: இந்த மருந்து நீரில் கரைவதில்லை, ஒரு பறவைக்கு எதுவும் போகாமலும் இன்னொன்றுக்கு முழுத் துளியும் போகவும் கூடும்.

நாங்கள் அந்த மருந்தின் ஒரு பங்கை நாற்பத்தொன்பது பங்கு புரொப்பிலீன் கிளைக்கோலில் கலந்து, ஒரு மில்லிலீற்றரில் 0.2 மில்லிகிராம் உள்ள கரைசலைத் தயாரித்தோம். இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு அலகு 0.02 மில்லிலீற்றர், அதில் சரியாக 4 மைக்ரோகிராம் இருக்கும். மெலிந்த ஆண் பறவைக்கு ஒன்றரை அலகு போதுமாக இருந்தது. கழுத்தின் பக்கத்தில் இறகற்ற தோல் தெரியும் இடத்தில், ஊசி குத்தாமல், அதை வழியவிட்டோம். நோய் தெரிந்தவை, தெரியாதவை என்ற பேதமின்றி எல்லாக் கேனரிகளுக்கும் கூல்டியன் சோடிக்கும் கொடுக்கப்பட்டது. பத்து முதல் பதினான்கு நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று முறை. முட்டையிலிருந்து பின்னர் வளர்ந்து வரும் உண்ணிகளைப் பிடிக்க இந்த மறு மருந்துகள் அவசியம்.

முதல் மருந்தின் மறுநாள் ஆண் பறவையின் நிலை மோசமானது. இது எதிர்பார்த்ததே, இறந்த உண்ணிகளும் கோழையும் குறுகிய குழாயை அடைக்கின்றன. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பமும், ஒட்சிசனும், உப்புநீர் ஆவியும், அழற்சிக்கு மெலொக்சிகாமும் கொடுத்து, கையால் தொடுவதை இயன்றவரை தவிர்த்தோம். அதைத் தாண்டியது. இரண்டாம் மருந்துக்குப் பின்னர் சொடுக்கொலி நின்றது. எடை மெல்ல ஏறி 18 கிராமைக் கடந்தது. கூட்டத்தின் மற்றப் பறவைகளில் இறப்பு எதுவும் பின்னர் நிகழவில்லை.

வீட்டில் செய்த மாற்றங்கள் எளியவை. நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் அந்த அறையிலிருந்து நீக்கப்பட்டன; கூட்டுக்கு நுளம்புவலை கட்டப்பட்டது. விதை மட்டும் தின்னும் பறவைக்கு விற்றமின் ஏ குறைந்து மூச்சுப்பாதையின் உட்தோல் தடித்துவிடும் என்பதால், நன்றாகக் கழுவிய முருங்கையிலையும் வல்லாரையும் தினமும் கொடுக்கச் சொன்னேன். இவற்றில் மஞ்சள் நிறமிகளும் நிறைய உண்டு. அடுத்த இறகு வளரும்போது நிறத்துக்கும் அது உதவும்.

கருத்துரை

தொற்று எங்கிருந்து வந்தது என்பதை முழு நிச்சயமாகச் சொல்ல வழியில்லை எனினும், முதல் மருந்துக்கு முன்னர் கூல்டியன் சோடியின் ஆண் பறவையிலும் இரவில் மெல்லிய சொடுக்கொலி கேட்டது. கேனரிகள் அது வரும்வரை நலமாக இருந்தன. புதிதாக வாங்கும் எந்தப் பறவையையும் வேறு அறையில் குறைந்தது ஒரு மாதமாவது தனியே வைத்து, அந்தக் காலத்தில் இரவில் விளக்கணைத்துக் கூட்டருகே சற்று நேரம் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். தொடர்மாடியில் வேறு அறை ஏது என்ற கேள்வி நியாயமானது. அப்படியானால் பறவையை வாங்குவதை ஒத்திப்போடலாம்; ஒரே அறையில் எதிர்ச்சுவரில் வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது.

மாஸ்டரின் முதல் ஊகம் ஏன் அவ்வளவு நியாயமாகத் தோன்றியது என்பதும் ஆராய வேண்டியது. ஆண் கேனரி இறகு உதிர்க்கும்போது பாடாது என்பது உண்மை. பாட்டை ஆளும் மூளைப்பகுதி ஆண் கேனரியில் இளவேனிலில் பெருத்து, இலையுதிர் காலத்தில் சுருங்குவதைப் பறவைப் பாட்டை ஆராய்ந்த விஞ்ஞானி பெர்னாண்டோ நொட்டெபோம் 1981இல் எடுத்துக்காட்டினார். இந்தப் பருவ ஒழுங்கைப் பெரும்பாலும் நடத்துவது பகலின் நீளம். கேனரித் தீவுகளில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு; கொழும்பில் அது ஒரு மணி நேரத்தையும் எட்டாது. ஆகவே இங்கே கூட்டுப் பறவைக்குப் பருவத்தைச் சொல்வது வானத்தைவிட வரவேற்பறை விளக்கே. நள்ளிரவு வரை விளக்கு எரியும் வீட்டில் இறகு உதிர்வு தன் காலத்தை இழந்து, எந்த மாதத்திலும் சிறிது சிறிதாக நடக்கும். ‘இது இறகு கொட்டுற காலம்’ என்ற விளக்கமும் ஆண்டு முழுவதற்கும் பொருந்திவிடும். அதனால்தான் குருத்திறகைத் தேடிப் பார்க்காமல் அந்த விளக்கத்தை ஏற்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். மாலை ஏழு மணிக்குள் கூட்டைத் தடித்த துணியால் மூடும் வழக்கத்தை மாஸ்டர் தொடங்கியிருக்கிறார்.

ஆண் பறவை ஆவணி, புரட்டாதி மாதங்களில் முறையாக இறகு உதிர்த்தது. இம்முறை குருத்துகள் கண்ணுக்கே தெரிந்தன, புதிய இறகின் மஞ்சள் பழையதைவிட அடர்ந்திருந்தது. அதன்பின் தொண்டைக்குள் முணுமுணுக்கும் அரைப்பாட்டோடு தொடங்கி, சில வாரங்களில் முழுப்பாட்டுக்கு வந்தது. தாழ்ந்த சுரங்களில் ஒரு கரகரப்பு எஞ்சியிருக்கிறது. கீழ்க்குரல்வளையில் ஏற்பட்ட தழும்பே அதற்குக் காரணமாகலாம்.

அடுத்த இனப்பெருக்கத்துக்கு முன்னர் சோடி சேர்க்கப்போகும் பறவைகள் அனைத்துக்கும் மருந்து மீண்டும் ஒரு சுற்றுக் கொடுக்கப்படும், ஏனெனில் ஒரே ஓர் உண்ணியைச் சுமக்கும் தாயும் ஊட்டும்போது அதைக் குஞ்சுக்குக் கடத்திவிடும். கூல்டியன் சோடி தனிக் கூட்டில், மகளின் படுக்கையறையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருக்கும் உறவினர் ஒருவர் இந்த ஆண் பறவையின் குஞ்சொன்றைக் கேட்டிருக்கிறார். பொரிக்கும் குஞ்சுகள் தம் முதல் இறகு உதிர்வை முடித்து, இரவில் சத்தமின்றி மூச்செடுப்பதைப் பேத்தி கேட்டு உறுதிசெய்யும் வரை, எந்தக் குஞ்சும் அந்த வீட்டை விட்டுப் போகாது என்று மாஸ்டர் அவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார்.